போன வார சாம்பாரும் ஒரு புல்லாங்குழலும்



ஆடி வெள்ளி அன்னதானத்துல சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னு மூணு பேர் நேர்ல சொன்னீங்க, ஒருத்தர் புலனத்துல சொன்னார். உண்மைதான். உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு. சமையல் குழுவுல இருந்த அஞ்சு பேருக்குமே யார் எப்ப போட்டதுன்னு ஞாபகம் இல்ல. ஏன் இல்லங்கிறதைச் சொல்லிடுறதுதான் மரியாதை. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவங்க படிங்க.

வழக்கம்போல வியாழக்கிழமை ராத்திரியே கோயிலுக்குப் போய்ட்டோம். ஈப்போவுல வேலை முடிச்சு, புந்தோங்ல கச்சாங் பூத்தே ரெண்டு பொட்டலம் வாங்கிக்கிட்டு, சுங்கை சிப்புட் ரோட்டுல போய், செம்பனைக்கு நடுவுல அந்தச் செம்மண் பாதையில திரும்பி உள்ளே. புதுசா வர்றவங்க எப்பவும் கேக்குற கேள்வி: "ஒரு வீடுகூட இல்லியே, இங்க எதுக்குக் கோயில்?" வீடு இருந்துச்சு. ஏழு வரிசை லயம் இருந்துச்சு. பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கடை எல்லாம் இருந்துச்சு. இப்ப கோயிலும் கிணறும்தான் மிச்சம்.

நடை சாத்தியாச்சு. சமையல் கொட்டகையில பாய் விரிச்சு உட்கார்ந்து காய் வெட்ட ஆரம்பிச்சோம். கம்பார்ல பல்கலைக்கழகம் படிக்கிற தம்பி தேர்வு முடிஞ்சு வந்திருந்தார். மடிக்கணினியைக் கொண்டுவந்து அரிசி மூட்டை மேல வச்சு, "ஒரே ஒரு எபிசோட், முக்கா மணி நேரம், பேசாம பாருங்க" என்றார். (கோயில்ல இதெல்லாம் பாக்கலாமான்னு கேக்கப்போறவங்களுக்கு: கொட்டகை தனி, சன்னதி தனி. அதுவுமில்லாம நாடகம் பாக்குறதுக்கும் கூத்துப் பாக்குறதுக்கும் கோயில் வாசலைவிட நல்ல இடம் நம்ம ஆளுங்களுக்கு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல.)

அறிவியல் புனைகதைன்னா எங்கள்ல வயசு கூடினவங்களுக்கு சுஜாதாதான். 'என் இனிய இயந்திரா', அதுல வர்ற ஜீனோ நாய்க்குட்டி. தூர்தர்ஷன்ல நாடகமாவே வந்துச்சு. அதைத் தாண்டி விண்வெளிக் கப்பல், வேற்றுக்கிரகம்னா எங்களுக்கு ரப்பர் முகமூடி போட்ட ஆளுங்கதான். தம்பி போட்டது ஸ்டார் டிரெக், அடுத்த தலைமுறை. 5ஆவது சீசன், 25ஆவது எபிசோட். 'தி இன்னர் லைட்', உள்ளொளின்னு வச்சுக்கலாம். அமெரிக்காவுல 1992 ஜூன் 1ஆம் தேதி முதல்ல ஒளிபரப்பாச்சு. கதை முழுக்கச் சொல்லப்போறோம். முப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இனிமே என்ன ரகசியம்.

எங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் பெரியம்மா. 74 வயசு. இதே தோட்டத்துல 31 வருஷம் பால்மரம் வெட்டுனவங்க. இங்கிலீஷ் தெரியாது. அதனால தம்பி கூடவே தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தார். அது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. கதாகாலட்சேபம் மாதிரி.

கப்பல் தலைவர் ழான் லூக் பிக்கார்ட். பாட்ரிக் ஸ்டூவர்ட் நடிச்சிருக்கார். கப்பல் போற வழியில ஆளில்லாத ஒரு சின்னக் கலம் மிதந்துக்கிட்டு இருக்கு. அதுல இருந்து ஒரு ஒளிக்கதிர் வந்து அவர் மேல படுது, கீழே விழுந்துடுறார். கண்ணு முழிச்சா வேற ஒரு கிரகம், வேற ஒரு வீடு. பக்கத்துல ஒரு பொம்பளை. காய்ச்சல்ல கிடந்தீங்க, இப்பத் தேவலையான்னு கேக்குறாங்க. இவர் பெயர் காமினாம். அந்தம்மா இவர் சம்சாரமாம், எலின். ஊர் பெயர் ரெசிக். இவர் இரும்புல பின்னல் வேலை செய்றவர். மனுசன் நம்பவே மாட்டேங்கிறார். எங்க கப்பல், எங்க கப்பல்னு ஊர் முழுக்கத் தேடுறார்.

அங்கதான் பெரியம்மா கத்தியைக் கீழே வச்சாங்க. "எங்க தாத்தாவும் இப்படித்தான் கேட்டிருப்பாரு. நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி, பினாங்குல எறங்கி, ஜெரெஜாக் தீவுல அடைச்சு வச்சு, அப்புறம் லாரியில இங்க கொண்டாந்து விட்டாங்க. மூணு வருஷத்துல போயிடலாம்னுதான் வந்தாரு. கடைசி வரைக்கும் கப்பல் எப்பன்னு கேட்டுக்கிட்டே இருப்பாராம்."

திரையில அஞ்சு வருஷம் ஓடிருச்சு. காமின் இன்னும் தொலைநோக்கி செஞ்சு வச்சு நட்சத்திரத்தையே பாத்துக்கிட்டு இருக்கார். எலின் கோபிக்கல, திட்டல. இந்த வாழ்க்கை உங்களுக்கு ஆரம்பமே ஆகலையாங்கிற மாதிரி ஒரு பார்வை மட்டும். அப்புறம்தான் அந்த மனுசன் தேடறதை நிறுத்துறார். புள்ளை பெத்துக்கலாமான்னு கேக்குறார். மகள் பிறக்குது, மகன் பிறக்கிறான். மகனுக்கு, இறந்துபோன நண்பன் பெயரையே வைக்கிறாங்க, படாய்னு. ஊரே கூடிப் பெயர் சூட்டுறாங்க. "பேரன்னா பெயரன்தானே, நம்ம வழக்கம்தான் இது" என்றார் எங்கள்ல ஒருத்தர், முன்னாள் தமிழாசிரியர். அந்தச் சபையில காமின் புல்லாங்குழல் வாசிக்கிறார். கப்பல்ல இருந்தப்ப வாசிக்கவே தெரியாத ஆள். மெதுவா, தப்பும் தவறுமா கத்துக்கிட்டது.

ஊர் நடுவுல ஒரு சின்ன மரக்கன்னு நட்டு வச்சிருக்காங்க. மழை கிடையாது. குடிக்கிற தண்ணியில கொஞ்சம் எடுத்து அதுக்கு ஊத்துறாங்க. இதைப் பாத்ததும் தமிழாசிரியர் கோலகங்சார் மரக் கதையை ஆரம்பிச்சிட்டார். 1877ல நட்ட ரப்பர் கன்னுங்கள்ல ஒண்ணு இன்னும் அங்க மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிக்குது, அதைச் சுத்தி வேலி போட்டுப் பலகை வச்சிருக்காங்கன்னு. "அந்த மரத்துக்குப் பலகை இருக்கு. அதை வெட்டுன கைக்கு?" என்று கேட்டார் இன்னொருத்தர். தம்பி ரெண்டு பேரையும் வாயை மூடச் சொன்னார். சரிதான். இது அந்த மாதிரிப் பேசுற நேரம் இல்ல.

நடுவுல ஒரு சின்ன விஷயம். காமின் எப்பவும் செருப்பைக் கண்ட இடத்துல விட்டுடுவார். எலின் எப்பவும் சொல்லுவாங்க, எடுத்து வைங்கன்னு. நாங்க சிரிச்சோம். வாரா வாரம் கோயில் வாசல்ல நாங்க உங்ககிட்டச் சொல்றதும் அதுதானே. அப்புறம் எலினுக்கு வயசாகிடுது. படுக்கையில கிடக்குறாங்க, சாகப்போறாங்கன்னு தெரியுது. அந்த நேரத்துலயும் அந்தச் செருப்புப் பேச்சுதான். எடுத்து வச்சுடுறேன்னு இவர் சொல்றார். அவ்வளவுதான், போயிட்டாங்க.

கொட்டகையில சத்தமே இல்ல. வெங்காயம் உரிச்சு முடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. பூசணிக்காய்தான் வெட்டிக்கிட்டு இருந்தோம். அதனால அந்தச் சாக்கும் எங்களுக்கு இல்ல. பெரியம்மா மட்டும், "எங்க வீட்டுக்காரரோட பூட்ஸு அட்டைக்கடி ரத்தத்தோட திண்ணையில கெடக்கும். நானும் திட்டிக்கிட்டேதான் இருந்தேன்" என்றாங்க.

இந்தக் கதையில எங்களுக்கு ரொம்ப உறைச்ச இடம் ஒண்ணு இருக்கு. மண்ணு காய்ஞ்சுக்கிட்டே போகுது. காமினும் மகளும் ஆராய்ச்சி பண்ணி, சூரியனே கெட்டுப்போச்சு, இந்தக் கிரகம் பிழைக்காதுன்னு கண்டுபிடிக்கிறாங்க. அதிகாரிகிட்டப் போய்ச் சொன்னா, அந்த ஆள் தனியாக் கூட்டிப்போய், எங்களுக்கு முன்னாடியே தெரியும், சொன்னா சனங்க பயந்துடுவாங்கன்னு சொல்லலங்கிறார்.

நம்ம தோட்டம் வித்த கதை வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். காட்டுல மரத்துக்கு நம்பர் போடுறாங்க, அளக்குறாங்க, புதுசு புதுசா வண்டி வருது. யாரும் ஒண்ணும் சொல்லல. பெரட்டுல வழக்கம்போல ஆள் கணக்கெடுத்தாங்க, வழக்கம்போல வேலைக்கு அனுப்பினாங்க. வித்து முடிச்ச பிறகுதான் நமக்குத் தெரிஞ்சுது. 1950களின் கடைசியில வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டா வித்துட்டுக் கிளம்பினப்பவும் இதே நிலைமைதான். இதே சுங்கை சிப்புட்டுல பிறந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாப் போய்த் தொழிலாளிகள்கிட்டயே பங்குப் பணம் சேர்த்து, தோட்டங்களை வாங்க வச்சார். என்ன நடக்குதுன்னு சனங்ககிட்ட வாயைத் திறந்து சொன்ன ஆளுக்காகவே அந்தச் சங்கத்துல சேர்ந்தவங்க உண்டு. நம்ம தோட்டம் அதுல வரல. வந்திருந்தா இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும். சரி, விடுங்க.

கடைசிக் காட்சிக்கு வருவோம். காமின் இப்ப கிழவர். பேரனோட விளையாடிக்கிட்டு இருக்கார். வெளியில ஏதோ ராக்கெட் விடுறாங்க, வந்து பாருங்கன்னு மகள் கூப்பிடுறா. வெயில்ல போய் நிக்கிறார். என்னதான் விடுறாங்கன்னு கேக்குறார். அப்ப எல்லாரும் வந்து நிக்கிறாங்க. செத்துப்போன நண்பன் நிக்கிறான். செத்துப்போன எலின் இளமையா வந்து நிக்கிறாங்க. நீங்க இதை ஏற்கனவே பாத்திருக்கீங்க, இங்க வர்றதுக்கு முன்னாடி பாத்தீங்கங்கிறாங்க. கிழவருக்கு மெதுவாப் புரியுது. அந்த ராக்கெட்ல போறதுதான், முதல் காட்சியில மிதந்துக்கிட்டு இருந்த கலம். அது தேடிக் கண்டுபிடிச்ச ஆள் இவர்தான். அந்தச் சனங்க எல்லாரும் செத்து ஆயிரம் வருஷம் ஆச்சு. தப்பிக்க வழி இல்லன்னு தெரிஞ்சதும் அவங்க செஞ்சது இது ஒண்ணுதான். யாராவது ஒருத்தர் கிடைச்சா, அந்த ஒருத்தருக்குள்ள எங்க ஊரை இறக்கி வச்சிடுவோம்னு.

கண்ணு முழிச்சா கப்பல். அங்க ஓடுனது 25 நிமிஷம். இவர் வாழ்ந்து முடிச்சது ஒரு ஆயுசு. அந்தக் கலத்தைத் திறந்து பாத்தா உள்ளே ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள்ள அந்தப் புல்லாங்குழல். தனியா நின்னு வாசிக்கிறார். படம் முடிஞ்சிருச்சு.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சோம், விடிய விடிய. உப்பு விஷயம் அங்கதான் கைமீறிப் போச்சு.

எங்க குழுவுல கணினி வேலை பாக்குற அக்கா கோபமா இருந்தாங்க. "ஒருத்தரைக் கேக்காம கொள்ளாம ஒரு ஆயுசையே மண்டைக்குள்ள திணிக்கலாமா? அவருக்குப் பொண்டாட்டி புள்ளை கொடுத்துப் பிடுங்கியும் ஆச்சு. அவங்க சோகம் பெருசுதான், அதுக்காக?" நியாயமான கேள்வி. தமிழாசிரியர் என்னென்னவோ விளக்கம் சொன்னார், எடுபடல. பெரியம்மாதான், "எங்க தாத்தாவ யாரும்மா கேட்டுக்கிட்டு லாரியில ஏத்துனா?" என்றாங்க. அது அக்காவோட கேள்விக்குப் பதிலா, இல்ல அக்கா பக்கம் சேர்ந்துக்கிட்டாங்களான்னு இன்னும் எங்களுக்குள்ள சண்டை.

எங்களுக்கும் சில குறை தெரிஞ்சுது. ஒரு ஊரைக் காட்டுறாங்க, அதுல அடுப்படியை ஒழுங்காக் காட்டல. என்ன சாப்பிடுறாங்கன்னே தெரியல. சமையல் குழுவுக்கு அது கண்ணை உறுத்தாதா? ஆனா தம்பி சொன்ன ஒரு விஷயம் நல்லா இருந்துச்சு. மகன் படாயா வளர்ந்து வர்ற பையன் பாட்ரிக் ஸ்டூவர்ட்டோட சொந்த மகனாம், டேனியல். இன்னொண்ணு: எபிசோடோட பெயரை எழுத்தாளர் மார்கன் கெண்டல், பீட்டில்ஸ் குழுவோட ஜார்ஜ் ஹாரிசன் பாட்டுல இருந்து எடுத்தாராம். அந்தப் பாட்டோட இசையை ஹாரிசன் 1968 ஜனவரியில பம்பாயில நம்ம இந்திய வாத்தியக்காரர்களை வச்சுப் பதிவு பண்ணியிருக்கார். இந்த எபிசோடுக்கு 1993ல ஹியூகோ விருது கிடைச்சுது. அந்தப் புல்லாங்குழல் 2006ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 48,000 டாலருக்குப் போச்சாம். வேடிக்கை என்னன்னா அதை வாசிக்க முடியாது. நடிப்புக்குச் செஞ்ச பொருள், சத்தமே வராது.

சத்தம் வராத குழல்னு தம்பி சொன்னதும் எங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஒரு ஞாபகம். யாரும் யார் முகத்தையும் பாக்கல.

சாமான் அறை அலமாரியில, பழைய குத்துவிளக்குக்குப் பின்னாடி, மஞ்சள் துணியில சுத்தி ஒரு உடுக்கை இருக்கு. உடுக்கைத் தாத்தாவோடது. 35 வயசு தாண்டினவங்களுக்கு அவரைத் தெரியும். கரகம் ஜோடிக்கும்போது கிணத்தடியில உட்கார்ந்து பாடுவார். இடுப்புக் கயித்தை அழுத்தி அழுத்தி அந்த உடுக்கையைப் பேச வைப்பார். மாரியம்மன் தாலாட்டோட நிக்க மாட்டார், சொந்தமா நிறையச் சேர்த்துக்குவார்.

கோயிலுக்குப் புது ஒலிபெருக்கி வாங்குனது நாங்கதான். பென்டிரைவ்ல பாட்டுப் போட்டதும் நாங்கதான். ஒரு திருவிழாவுல தாத்தா வந்து, "கொஞ்ச நேரம் அடிக்கட்டுமா தம்பி" என்று கேட்டார். "செட்டு ஓடுது தாத்தா, அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னதும் நாங்கதான். போதாததுக்கு, ஸ்பீக்கர் வைக்க இடம் வேணும்னு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தள்ளிப்போடச் சொன்னோம். அவரே தூக்கித் தள்ளிப் போட்டுக்கிட்டார். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அவர் இல்ல. குடும்பத்துல உடுக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. நாங்க ரசீது எழுதி அலமாரியில வச்சோம்.

ராத்திரி ஒரு மணிக்குப் போய் எடுத்துட்டு வந்தோம். தோல் தளர்ந்துபோய்க் கிடக்கு. தட்டினா சத்தம் வரல, அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருந்துச்சு. பெரியம்மா அதைத் தொடவே இல்ல. கவுத்து வச்சிருந்த அலுமினியச் சட்டியில விரலால தாளம் போட்டாங்க. போட்டுக்கிட்டே பாடினாங்க. அந்தக் காலத்துல தாத்தாவுக்குப் பின்பாட்டுப் பாடுனது இவங்கதான்னு எங்களுக்கு அன்னைக்கு ராத்திரிதான் தெரியும்! இத்தனை வருஷமா எங்களோட உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்டுறாங்க.

தாத்தா சொந்தமாச் சேர்த்த இடம் எதுன்னு அப்பத்தான் கேட்டோம். அம்மனை ஊர்வலம் கூட்டிட்டுப் போற மாதிரி பாடியிருக்கார். கிணத்தடி, பெரட்டுக்களம், ஸ்டோர், ஆயாக்கொட்டகை, முதல் லயத்துல இருந்து ஏழாவது லயம் வரைக்கும், எந்த வீட்டுல யாருக்கு என்ன வேண்டுதல்னு பெயர் சொல்லி, அப்புறம் காட்டு நம்பர் ஒவ்வொண்ணா. 12ஆம் நம்பர்ல பாம்பு தீண்டாம காப்பாத்து, 19ஆம் நம்பர் மேட்டுல வழுக்கி விழாம பாத்துக்கோன்னு. தோட்டம் பூராவும் அந்தப் பாட்டுக்குள்ள இருந்திருக்கு. நாங்க அதை நிறுத்திட்டுத்தான் பென்டிரைவ் போட்டிருக்கோம்.

பெரியம்மா நாலாவது லயம் வரைக்கும் பாடினாங்க. அதுக்கு மேல வரல. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க, திரும்ப அதே இடத்துல நின்னுச்சு. "அஞ்சாவது லயத்துல மொதல் வீடு யாரோடதுன்னு ஞாபகம் வந்துட்டா மிச்சம் வந்துரும்" என்றாங்க. விடியிற வரைக்கும் வரல. அடுப்புப் பத்த வச்சப்பவும், பருப்பு வெந்தப்பவும் அதே யோசனைதான், அவங்களுக்கும் எங்களுக்கும்.

திருவிழா சிறப்பு மலர் விஷயமா ஒரு மாசமாப் பேசிக்கிட்டு இருக்கோம்னு உங்களுக்குத் தெரியும். வாழ்த்துச் செய்தி எத்தனை பக்கம், விளம்பரம் எத்தனை பக்கம், அட்டை கலரா இல்லையான்னு. அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஒத்தி வச்சிருக்கோம். பொருளாளர் கோபிச்சுக்கக் கூடாது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஞ்சாவது லயத்துல, கிணத்துப் பக்கம் இருந்து முதல் வீட்டுல குடியிருந்தது யார்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. அவங்க இப்ப புந்தோங், மெங்லெம்பு, செம்மோர், எங்க இருந்தாலும் சரி. தெரிஞ்சவங்க கோயில் எண்ணுக்குக் கூப்பிடுங்க. ஆறாவது, ஏழாவது லயத்துப் பெயர்களும் வேணும். உடுக்கைக்குத் தோல் மாத்தத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாலும் சொல்லுங்க.

பெரியம்மா இந்த ஞாயித்துக்கிழமை காலை 9 மணிக்குக் கிணத்தடியில உட்காருவாங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. அன்னைக்கு ஒலிபெருக்கி போட மாட்டோம். பசியாற இட்லி உண்டு, சாம்பாரும் உண்டு. இந்தத் தடவை உப்புப் போடுறது ஒரே ஆள்தான்.

செருப்பைத் தயவுசெய்து வரிசையா அடுக்கி வைங்க.